காணொளி வகுப்பு வரட்டும். செலவு தொழிலாளி தலையில் விழ வேண்டாம்

கடந்த சில வருடங்களுக்குள் மலையகத்துப் பிள்ளைகளின் படிப்பு மூன்று முறை அறுந்து போனது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டினார்கள். இடையில் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். 2021 ஒக்டோபர் வரை அது இழுபட்டது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் பெற்றோல் டீசல் இல்லாமல் மறுபடி பூட்டு விழுந்தது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது மலை சரிந்து, பாதை அறுந்து, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே பாதியில் நின்றது.

முதல் இரண்டு முறையும் மேலிருந்து வந்த புத்திமதி ஒன்றுதான்: "பிள்ளைகள் ஒன்லைனில் படிக்கட்டும்." அந்த ஒரு வசனத்தைச் சொன்னவர்கள் போன் யாருடையது, டேட்டா யாருடைய காசு, சிக்னல் எங்கே, அந்த நேரத்தில் தாய் எங்கே என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதைத்தான் இங்கே நாம் கேட்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். காணொளி வகுப்புக்கு நாம் எதிரிகள் அல்லர். தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லாத குறை எல்லோருக்கும் தெரிந்தது. வத்தேகமை தாண்டிப் பன்விலை, மடுல்கலைப் பக்கம் மேலே போகப் போக அந்தக் குறை கூடிக்கொண்டே போகும். கட்டுகஸ்தோட்டையிலோ கண்டி டவுனிலோ இருக்கிற நல்ல பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், ஒரே நேரத்தில் ஐந்து தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் நடத்தலாம் என்றால் அதை வேண்டாம் என்று யார் சொல்வார்? டவுனில் டியூஷனுக்குப் போய்வரும் பஸ் காசும், பெண் பிள்ளை இருட்டில் தனியாகத் திரும்பி வருகிறாளே என்ற பயமும் குறையும். நல்லது வரட்டும். அது எப்படி வருகிறது, யார் கணக்கில் வருகிறது என்பதில்தான் எமது வழக்கு.

லயத்தில் நடந்தது என்ன?

கொரோனாக் காலத்தில் எமது பகுதிப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உங்கள் காம்பிராவுக்குள்ளேதான் நடந்தது. பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட் போன் இல்லை. இருந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதுவும் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடமோ அண்ணனிடமோ. வீட்டில் இருந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் அதே போன். எட்டு மணிக்கு மூத்தவனுக்குக் கணிதம், அதே எட்டு மணிக்குச் சின்னவளுக்குத் தமிழ். அந்த நேரம் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். "சேர், டேட்டா முடிஞ்சிருச்சு, சம்பளம் வந்துதான் போடணும்" என்று வந்த குரல் செய்திகளை எம்மில் கேட்காத ஆசிரியர் இல்லை.

இது எமது தோட்டங்களின் கதை மட்டுமல்ல. 2021இல் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவைக் கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு நடந்தார்கள். லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேல் கட்டிய குடிசையில் ஏறி இருந்து பிள்ளைகள் பாடம் பார்த்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போட்டன. படத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். பிள்ளை மரம் ஏறியது பெருமைதான். ஏற வைத்தவர்களுக்கு அதில் என்ன பெருமை?

கணக்கையும் பார்ப்போம். ஸூமில் பலர் சேர்ந்து முகம் பார்த்துப் பேசினால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜீபி டேட்டா போகும். படத்தின் தரம் கூடினால் இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு ஐந்து பாடம், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் என்றால் மூன்று ஜீபிக்கு மேல். அது ஒரு பிள்ளைக்கு. அப்போது எமது நாட்சம்பளம் என்ன? 2019 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபாவைப் பார்க்க 2021 மார்ச் வரை காத்திருந்தோம். அந்தச் சம்பளத்தில் அரிசி, மா, மருந்து எல்லாம் போக டேட்டாவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது கணக்குப் பாடம் படிக்காதவருக்கும் தெரியும். இப்போது சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் வரியும் ஏறியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். முன்பு அந்த வரிக்கு வெளியே இருந்த கைபேசியும் அன்றிலிருந்து அதற்குள் வந்துவிட்டது.

போன் ஒருபக்கம் இருக்கட்டும், கம்பியூட்டர்? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கம்பியூட்டர் இருந்தது. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது தோட்டம்தான். 

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஒரு முழுத் தலைமுறை அந்த இடைவெளியில் படிக்காமல் போனது. அன்று கட்டிடத்தில் நடந்த அதே அநியாயம் இன்று திரையில் நடக்கக் கூடாது. கல்வி இலவசம் என்றால், கல்வி வந்து சேரும் வழியும் இலவசமாக இருக்க வேண்டும். பாடம் சும்மா, பாதைக்குக் காசு என்றால் அது இலவசக் கல்வி அல்ல.

முடியாது என்று சொல்ல முடியாது

"எல்லோருக்கும் இலவச டேட்டா கொடுக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் தூரத்தில் இல்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் பேராதனை. அங்கே பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்குகிறது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அந்த வலையமைப்பின் வழியாக விரிவுரையாளர்கள் ஸூமில் வகுப்பு நடத்தினார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் தொலைபேசிக் கம்பனிகளும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பேசி, பல்கலைக்கழக மாணவர் தமது பாடத்தைப் பார்க்க டேட்டாவுக்குக் காசு கட்டத் தேவையில்லாமல் செய்தார்கள். சில வாரங்களுக்குள் நடந்த காரியம் அது.

அது நல்ல வேலை, அந்த மாணவர்களில் எமது பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகப் படியில் கால் வைக்கும் முன்பே தடுக்கி விழும் பிள்ளைக்கு என்ன வழி? பாடசாலைப் பிள்ளைக்குத் தொலைக்காட்சியில் "குரு கெதர" போட்டார்கள், தமிழில் நேத்ரா அலைவரிசையில் பாடம் வந்தது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் இருந்தது. இவை பயனில்லாதவை என்று சொல்லமாட்டோம். ஆனால் தொலைக்காட்சி பிள்ளையின் கேள்வியைக் கேட்காது. விளங்காமல் முழிக்கும் முகத்தைப் பார்க்காது. ஆசிரியரோடு நேரடியாகப் பேசும் வகுப்புக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த ஏற்பாடு தோட்டத்துத் தரம் 10 பிள்ளைக்கும் கிடைத்திருக்க வேண்டும். இனிமேலாவது கிடைக்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்கு ஒரு திரை

எமது கோரிக்கை வீட்டுக்கு வீடு டெப் கொடுங்கள் என்பதல்ல. தேர்தல் காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கொடுத்தாலும் ஒரு வருடத்தில் உடைந்து மூலையில் கிடக்கும். நாம் கேட்பது பொதுவான ஒரு இடம். பாடசாலை வகுப்பறையோ, வாசிகசாலையோ, பிள்ளைக் காம்பிராவோ, தோட்ட மண்டபமோ எதுவாகவும் இருக்கலாம். அதில் ஒரு பெரிய திரை, நல்ல ஒலிபெருக்கி, ஒரு மைக், நிலையான இணைப்பு, கரண்ட் போனால் சில மணித்தியாலம் தாங்கும் பெட்டரி. பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர்.

இது புதிய யோசனையும் அல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவில் செய்மதி வழியாக ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு பெட்டி கொடுக்கவில்லை. கிராமத்துக்கு ஒரு பெட்டியைப் பொது இடத்தில் வைத்தார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயமும் சுகாதாரமும். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதே வழியில் நடந்தது. நமக்கு இன்னும் கிட்டத்தில் கொத்மலை இருக்கிறது. 1990களின் கடைசியில் கொத்மலை சமூக வானொலிக்கு யுனெஸ்கோ உதவியோடு இணைய வசதி வந்தது. நேயர்கள் கேள்வி கேட்பார்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள் இணையத்தில் தேடி எடுத்து, விளங்கும் மொழியில் வானொலியில் சொல்வார்கள். ஒரே ஒரு இணைப்பு, பயனடைந்தது சுற்றியுள்ள கிராமங்கள். இல்லாத ஊரில் பொதுவில் வைத்துப் பகிர்வதுதான் வழி என்பதை அவர்கள் அன்றைக்கே செய்து காட்டிவிட்டார்கள்.

ஒரே மண்டபத்தில் கூடிப் படிப்பதில் காசு மிச்சம் மட்டுமல்ல, வேறு நன்மையும் உண்டு. தனியாகப் போனைப் பார்க்கும் பிள்ளை விளங்காவிட்டால் அணைத்துவிட்டு விளையாடப் போய்விடும். நாலு பேர் கூட இருந்தால் பக்கத்துப் பிள்ளை விளக்கும். சிக்னல் நடுவில் அறுந்தால், கூட இருக்கும் பெரியவர் பாடத்தாளை எடுத்துப் பயிற்சியைத் தொடர வைப்பார். லயத்துக்குள் கெமரா போட வேண்டிய வெட்கமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் பின்னால் காயும் துணியும், படுத்திருக்கும் தாத்தாவும் தெரியும் என்பதற்காகக் கெமராவை மூடிய பிள்ளைகளை நாம் அறிவோம். "கெமரா போடாவிட்டால் வரவு இல்லை" என்ற சட்டத்தை எந்த ஆசிரியரும் போடக் கூடாது.

வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் சில வார்த்தைகள். ஸூமை இலவசமாகப் பாவித்தால் கூட்டு வகுப்பு நாற்பது நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். எமது பாடவேளையும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே அது பெரிய இடைஞ்சல் அல்ல. இணைவதற்கு ஐந்து நிமிடம் போகும் என்று வைத்து, பதினைந்து நிமிடம் விளக்கம், பத்து நிமிடம் பிள்ளைகளின் கேள்வி, மிச்சம் பயிற்சி என்று பிரித்துக்கொண்டால் நேரம் போதும். படம் தேவையில்லாத இடத்தில் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்தால் டேட்டாச் செலவு வெகுவாகக் குறையும். குறிப்புத் தாள் முதல் நாளே பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். திரையில் கண்டதைப் பார்த்தெழுதுவதிலேயே நேரம் போனால் அது படிப்பு அல்ல.

ஆசிரியர் பையிலிருந்தும் போகிறது

தாய் தகப்பனின் காசைப் பேசும்போது ஆசிரியரின் காசையும் பேச வேண்டும். 2020, 2021இல் ஒன்லைன் வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் நடத்தினார்கள். பாடத்தாளைப் போட்டோகொப்பி எடுத்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அதற்கும் கைக்காசுதான் போட்டார்கள். 2021 ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகின. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராகக் குரல் கொடுத்த சங்கத் தலைவர்களைக் கைது செய்து தனிமைப்படுத்தலுக்கு அனுப்பியதும், இருபது வருடத்துக்கு மேல் தீராமல் கிடந்த சம்பள முரண்பாடும் அதற்குக் காரணம். ஒக்டோபர் வரை போராட்டம் நீடித்தது. அப்போது "பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள்" என்று ஆசிரியரைத் திட்டியவர்கள், அதற்கு முந்திய பதினாறு மாதமாக அந்த வகுப்பு யாருடைய காசில் நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? தேயிலை மலையில் கத்தியும் கூடையும் தொழிலாளியே கொண்டுவர வேண்டும் என்று துரை சொன்னால் விடுவோமா? ஆசிரியருக்குப் போனும் டேட்டாவும் அதே மாதிரி வேலைச் சாமான்தான்.

சங்கக் கூட்டமும் பயிற்சியும்

இனிச் சொல்வது எமது சொந்த வீட்டு விஷயம். கொரோனாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் கூட்டங்களை, பயிற்சிகளைத் திரைக்கு மாற்றிக்கொண்டு வருகின்றன. வசதிதான். தோட்டக் கமிட்டித் தலைவர் ஒரு பேரை இழந்து, பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, அரை மணித்தியாலம் பேசிவிட்டுத் திரும்பும் சிரமம் மிச்சம். சட்டம் தெரிந்த ஒருவர் கொழும்பிலிருந்தே ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி இருபது தோட்டத்துக்கு ஒரே நேரத்தில் விளக்கலாம். இதையெல்லாம் நாம் வரவேற்கிறோம்.

ஆனால் மண்டபத்தில் கூடும்போது எவரும் எழும்பிச் சத்தம் போட்டுக் கேள்வி கேட்கலாம். திரையில் கூட்டம் நடத்துபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் கேட்பவரின் வாய் மூடப்படும். மண்டபத்தில் யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை என்று எல்லோரும் பார்க்கலாம். திரையில் அது எல்லோருக்கும் ஒழுங்காகத் தெரியாமல் போகலாம். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் போன் ஆம்பிளையின் கையில், அடுப்பு பொம்பிளையின் கையில். சங்கத்துக்குச் சந்தா கட்டுபவரில் பெருந்தொகை பெண்கள். அவர்கள் குரல் இல்லாமல் எடுக்கும் தீர்மானம் யாருடைய தீர்மானம்?

ஆகவே சில ஒழுங்குகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். காணொளிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டமும் ஒரே இடத்தில் கூடிச் சேர வேண்டும், தலைவர் தனியே தன் போனில் சேரக் கூடாது. தலைவிக்கு முதலில் பேச்சு. சம்பளம், வேலைநிறுத்தம், பதவித் தேர்வு பற்றிய வாக்கெடுப்பு திரையில் மட்டும் நடக்கக் கூடாது. தோட்டத்தில் கை தூக்கி எண்ணி, எண்ணிக்கையை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். பதிவு செய்வதானால் முதலில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். துரைமாரைப் பற்றி மனம் விட்டுப் பேசிய ஒரு தொழிலாளியின் பேச்சு மறுநாள் ஒபிசில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

நிர்வாகம் நடத்தும் பயிற்சிக்கும் இதே கவனம் தேவை. மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு, பிள்ளைக் காம்பிரா ஆயாமாருக்குக் குழந்தைப் பராமரிப்பு, தொழிற்சாலையில் முதலுதவி என்று பல பயிற்சிகளைக் காணொளியில் நடத்தலாம். நல்லது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, சொந்தப் போனில், இரவில் பார்க்கச் சொன்னால் அது பயிற்சி என்ற பெயரில் வாங்கும் சும்மா வேலை. பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பேர் போட வேண்டும். மருந்துப் போத்தலின் மூடியை எப்படித் திறப்பது, முகமூடியை எப்படி இறுக்கிக் கட்டுவது என்பதைத் திரையில் பார்த்தால் மட்டும் போதாது. கையில் செய்து காட்ட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சிலர் சொல்வதும் எமது பதிலும்

"போனைக் கொடுத்துப் பிள்ளைகள் கெட்டதுதான் மிச்சம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தனிப் போனை விட்டுப் பொது மண்டபத்தைக் கேட்கிறோம். பெரியவரின் கண்ணுக்கு முன்னால், குறித்த நேரத்தில், குறித்த பாடம். முடிந்ததும் திரை அணையும்.

"இப்போது பாடசாலை திறந்துதானே இருக்கிறது, இது எதற்கு?" என்பது இன்னொரு கேள்வி. திட்வா புயல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பாதை அறுந்தபோது கோபுரங்களும் செயலிழந்து, பல தோட்டங்களில் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூடப் போன் வேலை செய்யவில்லை. முன்கூட்டியே மண்டபமும் பெட்டரியும் இணைப்பும் இருந்திருந்தால் அந்த இடம் வகுப்பறையாக மட்டுமல்ல, தகவல் நிலையமாகவும் உதவியிருக்கும். அடுத்த மழை எப்போது என்று எவருக்கும் தெரியாது. பூட்டு விழுந்த பிறகு ஓடித்திரிவதை விட இப்போதே கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். திரை ஆசிரியருக்குப் பதிலாள் அல்ல. "காணொளி வகுப்பு இருக்கிறதே, இந்தப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் எதற்கு?" என்று வலயக் கல்விப் பணிமனையோ அமைச்சோ ஒரு நாள் சொல்லக்கூடும். அந்தப் பேச்சுக்கு இப்போதே இடம் வைக்கக் கூடாது. ஆசிரியர் வரும்வரை காணொளி கைகொடுக்கும். ஆசிரியர் வந்த பிறகும் மேலதிகத் துணையாக இருக்கும். நியமனத்தைத் தட்டிக்கழிக்க அது சாட்டு ஆகக் கூடாது.

நாம் கேட்பவை

1. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் திரையும் இணைப்பும் பெட்டரியும் உள்ள ஒரு பொதுக் கற்றல் இடம். இடமும் மின்சாரமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. இணைப்பும் கருவியும் அரசாங்கத்தின் பொறுப்பு.

2. பல்கலைக்கழக மாணவருக்கு 2020இல் செய்ததைப் போல, பாடசாலை நேரடிக் காணொளி வகுப்புகளுக்கு டேட்டாக் கட்டணம் இல்லாத ஏற்பாடு.

3. கணித, விஞ்ஞான, ஆங்கிலப் பாடங்களுக்குத் தமிழ்மொழி மூல நேரடி வகுப்பு அட்டவணையைக் கட்டுகஸ்தோட்டை, வத்தேகமை முதலிய வலயங்கள் சேர்ந்து தயாரித்தல். ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும் வேலை அதனோடு சேர்ந்தே நடத்தல்.

4. கற்பிக்கும் ஆசிரியருக்குக் கருவியும் டேட்டாச் செலவும்.

5. நிர்வாகத்தின் காணொளிப் பயிற்சி வேலை நேரத்துக்குள், பேரோடு.

இவை தானாக வந்து சேரா. ஆயிரம் ரூபாவும் தானாக வரவில்லை. இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் மண்டபம், வாசிகசாலை எது என்று பாருங்கள். தோட்டத்தில் எந்த இடத்தில் எந்தக் கம்பனியின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குத்தான் அது அங்குலம் அங்குலமாகத் தெரியும். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கணக்கெடுங்கள். தலைவரும் தலைவியும் கையெழுத்திட்டு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் துரையிடமும் வலயப் பணிப்பாளரிடமும் நாம் பேசப் போகிறோம்.